இருபத்துமூன்று விநாடி

மஹீன் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாகத் தெரபி மையத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்து முறை எழுதுகிறவள் நான். தாமதமாக வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஈரானின் மழை ஊரான எங்கள் ரஷ்த் நகரத்தில் எல்லாவற்றுக்கும் மழைதான் சாக்கு. "ஜமீலே கானூம், தெருவெல்லாம் தண்ணி" என்று தலையைத் துவட்டிக்கொண்டே வருவார்கள். இந்த ஊர்த் தெருவில் தண்ணீர் இல்லாத நாள் எது? முறை முக்கால் மணி நேரம். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் முப்பத்தைந்து நிமிடம். அடுத்தவரின் நேரத்திலிருந்து ஒரு நிமிடம்கூட யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. முசுடு என்று பெயர் வாங்கியிருக்கிறேன், இருக்கட்டும்.

மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கால் வராத பிள்ளைகளுக்கான இடத்தை இப்படி ஒரு மாடியில் வைத்த மகானை நான் இன்றுவரை பார்த்ததில்லை, பார்த்தால் கேட்பேன். மஹீன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு படி ஏறி, மூச்சு வாங்காமல் மேசை முன்னால் வந்து நிற்பாள்.

முதல்முறை வந்தபோது பிள்ளைக்குப் பதினோரு மாதம். கம்பளியில் சுற்றியிருந்தாள். "என்ன பிரச்சினைம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"பேரு தரானே. இருபத்தேழு வாரத்துல பொறந்தா. எட்டுநூத்தம்பது கிராம். எழுபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்தா. மூணாம் நாள் மூளையில ரத்தக் கசிவு. மூளை முடக்குவாதம்னு எழுதியிருக்காங்க. இன்னும் உக்காரல."

கடைக்காரரிடம் மளிகைச் சாமான் சொல்வதைப் போலச் சொன்னாள். அந்த மேசைக்கு முன்னால் அழாத தாயை நான் அதுவரை பார்த்ததில்லை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"இவ்வளவையும் அழாம சொல்றியே பொண்ணே?" என்றேன்.

"அழுதா முறை சீக்கிரம் கெடைக்குமா அக்கா?"

"கெடைக்காது."

"அப்ப எழுதிக்குங்க."

எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவள் ஒரு கொலூச்சே கடையில் வேலை பார்த்தாள். அக்ரூட் வைத்த மாவு உருண்டையைத் தட்டி, மேலே மரஅச்சால் பூ வடிவம் குத்துகிற வேலை. பிள்ளை அவசரப்பட்டுப் பிறந்த அன்றைக்குக்கூட மத்தியானம்வரை குத்திக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. புருஷன் ரஹ்மத் தகரக் கூரை போடுகிறவன். ரஷ்த்தில் கூரைக்காரனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழை நின்றால்தான் கூரையில் ஏற முடியும், மழை எங்கே நிற்கிறது. நல்லவன், சத்தமாகப் பேசுவான், கூச்சப்பட்டால் இன்னும் சத்தமாகப் பேசுவான்.

தரானேயின் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வலது கை எப்போதும் மூடியே இருக்கும். பேச்சு வரவில்லை, "ஆ" என்றால் சரி, உதட்டைப் பிதுக்கினால் வேண்டாம். ஆனால் காதும் அறிவும் கத்தி. நான் போனில் யாரையாவது திட்டினால் தெரபி அறைக்குள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

அவளைப் பார்த்துக்கொண்ட தெரபிஸ்ட் ஷஹ்லா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னைவிட வாய் பெரியது. மஹீனிடம் முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "இங்க நான் செய்யறது வாரத்துல மூணு மணி நேரம். மிச்ச நேரம் பூரா நீதான் தெரபிஸ்ட்." மஹீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். காலையில் ஒரு மணி நேரம் கால் நீட்டல். பிறகு சுருட்டிய கம்பளத்தின்மேல் குப்புறப் போட்டுக் கழுத்து தூக்கல். மத்தியானம் கை விரித்தல். சாயங்காலம் நிற்றல். ரஹ்மத் மழைநீர்க் குழாய் இரண்டை வெட்டிப் பிடிகம்பி செய்து கொடுத்தான். தகரம் குளிர்காலத்தில் சில்லிட்டு, பிள்ளை பிடிக்க மாட்டேன் என்றபோது மஹீன் தன் பழைய கம்பளிக் காலுறைகளைக் கிழித்து அதைச் சுற்றித் தைத்தாள்.

எல்லாவற்றுக்கும் எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. காலை நீட்டிப் பிடிக்க முப்பது. கழுத்துக்குப் பதினைந்து. ஒரே குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. பிள்ளை வலியில் கத்தினாலும் அந்தக் குரல் முப்பதில்தான் நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். "என்னடி எண்றே?" என்று கேட்டேன். "தெரியல அக்கா, நிக்க மாட்டேங்குது" என்றாள்.

ஒன்றே முக்கால் வயதில் தரானே கையை ஊன்றாமல் முதல்முறையாக ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். ஷஹ்லா அழுதாள். நான் அழுதேன். தேநீர் கொண்டுவரும் கிழவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மஹீன் பிள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வலது பக்கம் சாயுது இல்ல?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்குள் என்ன இருக்கிறது, கல்லா மரமா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன். பிறகு யோசித்தபோது, அந்த எழுபத்தொரு நாளில் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, சந்தோஷப்பட்டாலும் அடுத்தநாள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பழகியிருப்பாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு திட்டவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தேநீர் வைத்த கையோடு பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவோம். "மாமாவுக்கு ஒரு பாட்டுச் சொல்லு." பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலு வரி சொல்லும், எல்லோரும் கைதட்டுவார்கள், ஒரு மிட்டாய் கிடைக்கும். பாட்டுச் சொல்லாத பிள்ளை இங்கே வளர்ந்ததே கிடையாது. தரானேக்குப் பாட்டு வராது. நான்கு வயதில் அவளுக்கு நிற்க வந்தது. பிளாஸ்டிக் கால்தாங்கி போட்டு, கையை எடுத்துவிட்டால் ஐந்து விநாடி, ஏழு விநாடி. நிற்பதுதான் அவளுடைய பாட்டு.

மையத்தில் மாதக் கடைசி வியாழக்கிழமை நிகழ்ச்சி வைப்போம். மெத்தை போட்ட மரப்பலகை ஒன்று உண்டு, அதுதான் மேடை. ஷஹ்லா "மேடைக்கு வா" என்பாள். மஹீன் நிறுத்திவிட்டுக் கையை எடுத்து, "ஒண்ணு" என்று ஆரம்பிப்பாள். தரானே அவள் வாயையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் மூடிய வலது கையைக் கஷ்டப்பட்டு விரித்து நீட்டுவாள். ஷஹ்லா அதில் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவாள். நட்சத்திரத் தாள் என் மேசை டிராயரில்தான் இருக்கும். அதற்கும் நான்தான் காவல்.

பிறகு அவள் எல்லோருக்கும் நின்று காட்ட ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்காரருக்கு. மீன்காரிக்கு. ஒருமுறை மின்கணக்கு எடுக்க வந்தவனுக்கு. அவனும் பாவம், பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினானாம்.

ஐந்து வயதில் கடிதம் வந்தது. பள்ளி வயது நெருங்குவதால் மருத்துவக் குழு பிள்ளையை மறுபடி பார்த்துத் தரம் எழுதும். இரண்டு வயதில் பார்த்தபோது "கடுமை" என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் வாரத்தில் நான்கு முறை இலவசமாகக் கிடைத்தது. கடுமை குறைந்ததாகத் தரம் எழுதினால் முறையும் குறையும். இடுப்பு மூட்டு மெதுவாக நழுவிக்கொண்டிருக்கிறது, இந்த ஒரு வருடத்தை விட்டால் பிறகு கத்திதான் என்று ஷஹ்லா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் செய்தோம்.

அந்த மாதம் பூரா ஷஹ்லா ஊரில் இல்லை. தாயாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகத் தப்ரீஸ் போயிருந்தாள். ஆலோசனை சொல்ல இருந்தது நான் மட்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புத்தாண்டுக்குத் தெச்ச பச்சை கவுனைப் போடு. தலையை ரெண்டா பின்னு. பிச்சைக்காரங்க மாதிரி போய் நிக்காதே."

ரஹ்மத் அதற்கும் ஒருபடி மேலே போனான். "சக்கர நாற்காலி வேணாம், நான் தூக்கிட்டு வர்றேன். அதுல வெச்சுத் தள்ளிட்டுப் போனா, அஞ்சு வருஷமா என்னத்தக் கிழிச்சீங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பரீட்சை எழுதப்போவது பிள்ளை அல்ல, நாங்கள் என்று நினைத்துக்கொண்டோம். கோப்பெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் கூடப் போனேன்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் வெள்ளை மீசை, நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். எங்களுக்குத் தேநீர் வந்தது. ரஹ்மத் இரண்டு தடவை "வேணாம்" என்று சொல்லி மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டான்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"கடவுளுக்கு நன்றி, நல்லாருக்கா" என்றாள் மஹீன்.

"எல்லாம் உங்க தயவுல" என்றான் ரஹ்மத்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. கூரை எரிந்துகொண்டிருந்தாலும் அதுதான் பதில். அன்னியர் முன்னால் குறை சொல்வது அவரைச் சங்கடப்படுத்துவது. சட்டை பட்டனைக் கழற்றிக் காட்டுகிற மாதிரி.

"சாப்பாடு?"

"சாப்பிடுவா டாக்டர், தொந்தரவே இல்ல." ஒவ்வொரு வேளையும் குழைத்து, அரைத்து, புரையேறாமல் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும்.

"தூக்கம்?"

"தூங்குவா." கால் இழுத்துப் பிடித்து நாலு தடவை எழுவாள், மஹீன் ஐந்து வருடமாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை.

"உங்களுக்கு ஏதாவது கஷ்டம்?"

"கஷ்டமா? அவதான் எங்க வீட்டு வெளக்கு" என்று ரஹ்மத் சத்தமாகச் சொன்னான்.

இது எல்லாம்கூடப் போதாது என்று நான் வாயைத் திறந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "ரொம்ப கெட்டிக்காரி டாக்டர், நின்னே காட்டுவா! தரானே கண்ணு, மாமாவுக்கு நின்னு காட்டும்மா."

தரானே முகம் மலர்ந்தது. மஹீன் அவளை மேசை ஓரத்தில் நிறுத்தினாள், கவுன் மடிப்பைச் சரிசெய்தாள், கையை எடுத்தாள். "ஒண்ணு."

அதுவரை அவள் பதினொன்றைத் தாண்டியதில்லை. அன்று மூன்று புது ஆட்கள் பார்க்கிறார்கள். பன்னிரண்டு. பதினைந்து. கழுத்து நரம்பு புடைத்தது, தாடை நடுங்கியது, கண் தாயின் வாயை விட்டு நகரவில்லை. இருபது. இருபத்துமூன்றில் முழங்கால் மடிந்தது, மஹீன் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் கைதட்டினார்கள். டாக்டர் எழுந்தேவிட்டார். தரானே கையை விரித்து நீட்டினாள். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தார், மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் செல்லமாகக் குத்தினார். நீல மையில் வட்டம். படியிறங்கும்போது அவள் அந்தக் கையை என் மூக்குக்கு நேராக நீட்டி நீட்டிக் காட்டினாள். நான் வீட்டுக்குப் போய் கண்ணேறு கழிய அவள் பெயரைச் சொல்லி இஸ்ஃபந்த் விதை போட்டுப் புகைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. தரம்: இலேசு. கீழே அதே நீல வட்டம். இனி மாதத்துக்கு இரண்டு முறை.

மஹீன் தாளை நான்காக மடித்தாள். "செவ்வாக்கிழமை முறை இருக்கில்ல அக்கா?" என்றாள்.

"இல்லடி" என்றேன். "என்னாலதான். நான் வாயை வெச்சுக்கிட்டு இருந்திருக்கணும்."

"நீங்க சொல்லலேன்னாலும் நான் நிக்க வெச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பிவந்த ஷஹ்லா வட்டியும் முதலுமாகத் திட்டினாள். "பச்சைக் கவுனு! ரெட்டைப் பின்னல்! நீங்க என்ன, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி கொண்டுபோய் நிறுத்துனீங்களா? சமையல் தெரியும்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களாக்கும்? ஜமீலே கானூம், உங்களுக்கு வயசாச்சே தவிர..." மீதியை எழுத வேண்டாம்.

மேல்முறையீடு ஒரே ஒருமுறை உண்டு. ஷஹ்லா இடுப்புப் படங்களைச் சேர்த்து மனு எழுதினாள். தேதி வந்தது. போவதற்கு இரண்டு நாள் முன்னால் மஹீனை வரவழைத்து ஒத்திகை பார்த்தோம். தரானே மெத்தையில் படுத்திருந்தாள். ஷஹ்லா என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு டாக்டராக உட்கார்ந்தாள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"கடவுளுக்கு நன்றி, நல்லா..."

ஷஹ்லா மேசையைத் தட்டினாள். "மறுபடி. பாப்பா எப்படி இருக்கா?"

"கடவுளுக்கு நன்றி..."

"அம்மா தாயே! நன்றி சொல்லத் தொழுகை இருக்கு, அங்க சொல்லு. மூணாவது தடவை. எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா" என்றாள் மஹீன். பிறகு கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். "வாய் தானா சொல்லுது ஷஹ்லா."

"அப்ப வாயை வீட்டுல வெச்சுட்டு வா."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் யோசனைகளுக்குத்தான் குறைவே இல்லையே. "எண்றியே, அந்தக் குரல்ல சொல்லு. ஒவ்வொரு நம்பருக்கும் ஒண்ணு. யோசிக்காதே, எண்ணிட்டே போ."

மஹீன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஒண்ணு. சாய்மானம் இல்லாம அஞ்சு நிமிஷத்துக்கு மேல உக்கார முடியாது. ரெண்டு. தானா திரும்பிப் படுக்க முடியாது. மூணு. மெல்ல முடியாது. நாலு. ஒவ்வொரு வேளையும் புரையேறும். அஞ்சு. கழிப்பறை சொல்லத் தெரியும், போக முடியாது. ஆறு. பேச முடியாது..." தடங்கலே இல்லை. அந்தக் குரலுக்கு எல்லாம் ஒன்றுதான். பதினான்குவரை போனாள்.

"அருமை" என்றாள் ஷஹ்லா. நானும் பெருமைப்பட்டேன். நாங்கள் மூன்று பெரிய மனுஷிகள், மூன்று பேருக்கும் அந்தப் பிள்ளையின் காதும் அறிவும் தெரியும். அவள் முன்னால் அதுவரை யாரும் அவளால் முடியாததைச் சொன்னதில்லை. மெத்தையில் அவள் சத்தமே இல்லாமல் படுத்திருந்தாள். ஒத்திகைக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஷஹ்லா அவள் பக்கத்தில் குனிந்தாள். "தரானே, அன்னைக்கு மேடை இல்ல. நீ நிக்க வேணாம், சும்மா இருந்தாப் போதும். சரியா?"

தரானே கொஞ்சம் யோசித்தாள். "ஆ" என்றாள். கிளம்பும்போது ஷஹ்லா பழக்கதோஷத்தில் அவள் கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினாள்.

மேல்முறையீட்டிலும் அதே வெள்ளை மீசை டாக்டர்தான், கூட இரண்டு புதியவர்கள். தரானேக்குப் பழைய வீட்டுச் சட்டை, சக்கர நாற்காலி, இடுப்பில் பட்டி. டாக்டர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "அடடே, நம்ம நிக்கிற பொண்ணு! எப்படி இருக்கா?"

ரஹ்மத் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். மஹீன் அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஏழாவதில் டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. பதினான்காவது முடிந்தபோது அவர் பேனாவைத் திறந்திருந்தார். எல்லாம் உண்மை. ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"போன தடவை நின்னாளே, அதை ஒருமுறை பார்த்துடறேன்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மஹீன் பட்டியை அவிழ்த்து, பிள்ளையை மேசை ஓரத்தில் நிறுத்திக் கையை எடுத்தாள். தரானே தாயின் வாயைப் பார்த்தாள். மஹீன் எண்ணவில்லை. எண்களெல்லாம் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தன என்று நினைக்கிறேன். தரானே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, மறுபடி தாயைப் பார்த்தாள். அப்படியே முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

மஹீன் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்துப் பட்டியைப் போட்டாள். எப்போதும் மூடியே இருக்கும் வலது கை மடியில் விரிந்து கிடந்தது. நான் அதைக் கவனித்தேன், காரணம் யோசிக்கவில்லை. எண்ணாததால் விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அதுவும் நல்லதுக்குத்தான் என்றுகூட, கடவுள் மன்னிக்கட்டும், நினைத்தேன்.

பத்தாம் நாள் தாள் வந்தது. மிகக் கடுமை. வாரத்துக்கு ஐந்து முறை; கேட்டதற்கு மேல் ஒன்று. நான் ஒரு பெட்டி கொலூச்சே வாங்கி மேசைமேல் திறந்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மஹீனின் பெயரைப் பேனாவை அழுத்தி எழுதினேன்.

ஷட்டரைத் தூக்கும்போதே நின்றிருந்தாள். மேலே வந்ததும் கொலூச்சே நீட்டினேன். "அப்புறம் அக்கா" என்றாள். அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், எனக்கு உள்ளே தெரிந்தது. கால்தாங்கி போட்டார்கள். ஷஹ்லா கைகளைத் தேய்த்துக்கொண்டு, "வாங்க மகாராணி, மேடைக்கு!" என்றாள். மஹீன் நிறுத்தினாள். "ஒண்ணு" என்றாள்.

தரானே முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். விழவில்லை. இடுப்பை மெதுவாக இறக்கி, முதுகை நேராக வைத்து, ஷஹ்லா கற்றுக்கொடுத்த முறையில் அழகாக உட்கார்ந்தாள். பிறகு வலது கையை ஒவ்வொரு விரலாக விரித்து நீட்டினாள்.

ஷஹ்லா சிரிக்கப் பார்த்தாள். மறுபடி நிறுத்தச் சொன்னாள். ஒண்ணு. மறுபடி அதே. கை நீண்டது. ஷஹ்லா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பத்து நாளா வீட்டுலயும் இப்படித்தான்" என்றாள் மஹீன், அந்தக் குரலில். "ஒண்ணுன்னா உக்காந்துடறா. உக்காந்துட்டுக் கையை நீட்டறா."

"என்கிட்ட சொல்லலியே! நீ என்ன செஞ்சே?"

"நான்..." என்று நிறுத்தினாள். "வீட்டுல நட்சத்திரம் இல்ல ஷஹ்லா. இருந்திருந்தாலும் குடுக்கறதா வேணாமான்னு எனக்குத் தெரியல. கையை நீட்டிட்டே இருக்கா. அவ்வளவு நேரம் அந்தக் கையை விரிச்சு வெச்சதே இல்ல. நான் எண்ணிப் பாத்தேன், நாப்பது வரைக்கும்..."

நாற்பது என்று சொன்னதும் குரல் உடைந்தது. மஹீன் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள், பிறகு சரிந்தாள். அந்த அழுகையை எப்படிச் சொல்வது? எட்டுநூற்றைம்பது கிராமுக்கும், எழுபத்தொரு நாளுக்கும், எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். சத்தம் மாடிப்படிவரை போயிருக்கும். ஷஹ்லா அவளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவையும் என் வாய்தான், என் யோசனைதான். வெட்கமாக இருந்தது.

தரானே தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இன்னும் நீண்டுதான் இருந்தது, விரல்கள் நடுங்க ஆரம்பித்திருந்தன. நான் டிராயரைத் திறந்தேன், தாளிலிருந்து ஒரு நட்சத்திரத்தை உரித்தேன், போய் அந்த உள்ளங்கையில் ஒட்டினேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வெளியே ஒன்பதே முக்கால் முறைக்காரர்கள் குடையை உதறிக்கொண்டு வந்து நின்றார்கள். மணி ஆகிவிட்டதே என்று கடிகாரத்தைக் காட்டினார்கள். ஆகும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்தினேன்.